வரைபடமும் கால அட்டவணையும்: அமெரிக்கக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளின் நவீனமயமாக்கம் குறித்து

அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி தன்னை நவீனப்படுத்திக்கொள்ளத் தீர்மானித்தால், பெரும்பாலும் முதலில் மேசைக்கு வருவது கட்டடக் கலைஞரின் வரைபடம்தான். கண்ணாடிச் சுவர் வைத்த அறிவியல் கூடம், முப்பரிமாண அச்சுப்பொறிகள் நிற்கும் பட்டறை, புதிய கலையரங்கம். பழைய மாணவர்களிடம் நன்கொடை கேட்க அந்தப் படமே போதும். அங்கே எதைக் கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது என்ற பேச்சு கடைக்கால் எடுத்த பிறகே தொடங்குகிறது. இந்த வரிசை தவறு என்பது என் வாதம்.

தேவாலயப் பங்குதோறும் ஒரு பள்ளி வேண்டும் என்று 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்களின் சங்கம் விதித்தது. அந்த விதியைத் தோளில் சுமந்தவர்கள் கன்னியர்கள். பிழைப்புக்கு மேல் ஊதியம் பெறாத அவர்களுடைய உழைப்பில்தான் குடியேறிய தொழிலாளர்களின் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் படித்தார்கள். 1960களின் தொடக்கத்தில் கத்தோலிக்கப் பள்ளிகளில் சுமார் 52 லட்சம் பேர் படித்தனர். இன்று ஏறத்தாழ 17 லட்சம் பேர். துறவறத்துக்கு வருவோர் குறைந்தனர், அவர்கள் இடத்துக்கு வந்த பொதுநிலை ஆசிரியர்களுக்கு உரிய சம்பளம் தர வேண்டியிருந்தது, கட்டணம் ஏறியது, குடும்பங்கள் புறநகருக்குப் பெயர்ந்தன. ஆய்வகங்கள் பழசானது இவை எல்லாவற்றின் விளைவு.

இத்தனைக்கும் இடையில் இப்பள்ளிகள் நன்றாகக் கற்பித்தன. ஏன் என்ற கேள்விக்கு அந்தனி பிரைக், வேலரி லீ, பீட்டர் ஹாலண்ட் மூவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரிந்து இல்லை. நாடளாவிய கணக்கெடுப்புத் தரவுகளோடு, ஏழு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளை நேரில் பார்த்தும் எழுதிய நூல் அது. விருப்பப் பாடங்கள் குறைவு. ஏறக்குறைய எல்லா மாணவரும் ஒரே கணிதம், ஒரே அறிவியல், ஒரே இலக்கியம் படித்தார்கள். வகுப்புக்கு வெளியிலும் பிள்ளைகளை அறிந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். ஏழைப் பிள்ளைக்கும் வசதியான பிள்ளைக்கும் இடையே கற்றலில் இருந்த இடைவெளி அங்கே குறுகியதற்கு அந்தப் பொதுப் பாடமே பெரிய காரணம் என்பது அவர்களது முடிவு. சாதனங்களின் பெருமை அந்த விளக்கத்தில் எங்கும் வரவில்லை.

அக்கறையுள்ள பெற்றோர்தானே இப்பள்ளிகளைத் தேடி வருகிறார்கள், பள்ளியின் பங்கு என்ன என்று கேட்கலாம். ஜேம்ஸ் கோல்மனும் அவருடைய சகாக்களும் 1982இல் இதே துறையில் எழுதிய நாள்முதல் இருக்கும் ஆட்சேபம் அது. முழுக்கத் தள்ளக்கூடியதும் அல்ல. ஆனால் ஒரே பாடம் என்ற ஏற்பாட்டைக் கலைத்துவிட்டு, தேர்ந்தெடுத்த சிலருக்கு உயர்நிலைப் பாடமும் மற்றவர்களுக்கு எளிய பாடமும் என்று பிரிப்பதற்கு அது எந்த நியாயமும் தரவில்லை. பல புதிய ஆய்வகங்களுக்குள் சத்தமில்லாமல் நடப்பது இந்தப் பிரிவினைதான். அதுதான் எனக்குக் கவலை.

பாடமுறையில் தொடங்கிய பள்ளியும் உண்டு. சிகாகோவின் பில்சன் பகுதி மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் நிறைந்தது. 1996இல் இயேசு சபையினர் அங்கே கிறிஸ்டோ ரே பள்ளியைத் திறந்தார்கள். பெருவில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பிய அருட்தந்தை ஜான் ஃபோலி அதன் முதல் தலைவர். கட்டணம் கட்ட வழியில்லாத குடும்பங்கள். பள்ளியின் வரவுக்கு என்ன செய்வது? நான்கு மாணவர்கள் சேர்ந்து ஓர் அலுவலக வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆளுக்கு மாதம் ஐந்து நாள். சம்பளம் பள்ளிக்குப் போகும்.

திங்கட்கிழமை காலை ஒரு பையன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு சட்ட நிறுவனம் ஒன்றின் கோப்பறையில் நிற்கிறான். பதினான்கு வயது. கோப்புகளை அகர வரிசையில் அடுக்குகிறான், தொலைபேசியில் எப்படிப் பேச வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரரிடம் கற்றுக்கொள்கிறான். செவ்வாயன்று அதே நாற்காலியில் அவன் தோழி உட்காருவாள். அவன் இயற்கணித வகுப்பில் இருப்பான். வேலைக்குப் போன நாட்களை ஈடுகட்டப் பள்ளி நேரத்தையும் கல்வியாண்டையும் நீட்டினார்கள். கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் பாடம் எல்லோருக்கும் பொது. கால அட்டவணையை இப்படித் திருத்தியதே அங்கு நடந்த நவீனமயமாக்கம். இன்று இதே முறையில் ஏறத்தாழ 40 பள்ளிகள் நடக்கின்றன.

பிள்ளைகளின் உழைப்பில் பள்ளி ஓடலாமா என்ற கேள்வி நேர்மையானது. அந்த உறுத்தல் எனக்கும் உண்டு. 2020இல் அலுவலகங்கள் மூடப்பட்டபோது, நிறுவனங்களை நம்பிய வரவு எவ்வளவு நிலையற்றது என்பதும் தெரிந்தது. எல்லாப் பள்ளியும் இதையே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

நல்ல ஆய்வகம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நச்சுப்புகை வெளியேற வழியில்லாத வேதியியல் கூடத்தில் எந்தப் பிள்ளையையும் நிறுத்தக் கூடாது. சக்கர நாற்காலியில் வரும் மாணவி நூலகத்துக்குப் போகச் சாய்தளம் வேண்டும். இவற்றுக்கு விவாதமே தேவையில்லை. மற்ற செலவுகளுக்கு நிர்வாகக் குழு வரைபடத்தின் ஓரத்தில் ஓர் எண்ணை எழுதிக்கொள்ளலாம்: ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் இந்த அறையில் வாரத்துக்கு எத்தனை பாடவேளை நிற்பார்? உயர்நிலைப் பாடம் எடுத்த இருபது பேருக்கு மட்டும் அது நான்கு, மற்றவர்களுக்குப் பூஜ்யம் என்றால், அந்தப் பணத்தில் பழைய கூடத்தின் குழாய்களை மாற்றி, இன்னோர் அறிவியல் ஆசிரியரை நியமிக்கலாம்.