‘டாம்_யுனிகோட்’: விசைப்பலகைப் பெயரிடல் மரபில் ஓர் இலங்கைச் சான்று

மென்பொருள் இடைமுகங்களைத் தவறாகப் பயன்படுத்துவது எவ்வளவு கடினம் என்பது குறித்து ரஸ்டி ரஸல் 2008இல் வெளியிட்ட தரவரிசை இன்றும் எடுத்தாளப்படுகிறது. லினக்ஸ் கருநிரலை எழுதியவர்களுள் ஒருவரான அவர், தவறாகப் பயன்படுத்தவே முடியாத இடைமுகத்துக்குப் பத்துப் புள்ளி தருகிறார். தொகுப்பி தவறைத் தடுத்தால் ஒன்பது. பெயரே பயன்பாட்டைச் சொன்னால் ஆறு. பொது மரபைப் பின்பற்றினால் சரியாக அமையுமென்றால் நான்கு. ஆவணத்தைப் படித்தால்தான் விளங்குமென்றால் மூன்று. பெயரை மரபிலிருந்து பிரித்து, மரபுக்கு மேலே வைக்கிறது இவ்வரிசை. இக்கட்டுரை மறுப்பது அந்தப் பிரிப்பையே. ஒரு பெயரின் பொருள், அது பிறந்தபோது எந்தப் பெயருக்கு எதிரே நின்றது என்பதைப் பொறுத்தது. எதிர்ப்பெயர் வழக்கொழிந்தால், ஓர் எழுத்தும் மாறாமலே பெயர் பொருளிழக்கும். ரஸலின் அளவுகோலில் காலத்துக்கு இடமில்லை.

சான்று நமது நாட்டுக் கோப்பிலேயே உள்ளது. விசைப்பலகை அனுப்பும் எண்களை எழுத்துகளாக மாற்றும் எக்ஸ்கேபி தொகுப்பில் இலங்கைக்குரிய ‘எல்கே’ கோப்பு ஒன்றுண்டு. அதில் தமிழுக்கு ‘டாம்_யுனிகோட்’, ‘டாம்_டேப்’ என இரு வகைகள். யுனிகோட், டேப் இரண்டும் எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் குறிமுறைகளின் பெயர்கள். எந்த விசையில் எந்த எழுத்து என்பதை இரண்டுமே சொல்வதில்லை. திறந்து பார்த்தால், தனி விசையமைப்பு எதுவுமின்றி இந்தியக் கோப்பின் தமிழ்நெட் ’99 அமைப்பு உள்ளழைக்கப்படுகிறது. 1999இல் தமிழ்நாடு ஏற்ற அமைப்பு அது. இலங்கை கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்எல்எஸ் 1326:2008 நியமமோ ரெங்கநாதன் விசைப்பலகையைத் தழுவியது. ஆக, மடவளையிலோ அக்குறணையிலோ ‘தமிழ், இலங்கை’ என்பதைத் தெரிவுசெய்பவருக்கு இலங்கை நியமம் கிடைப்பதில்லை.

‘டாம்_யுனிகோட்’ என்ற பெயர் எப்போது இடப்பட்டது? டேப் குறிமுறை புழக்கத்தில் இருந்து, யுனிகோட் அதனோடு போட்டியிட்ட காலத்தில்தான் இவ்வெதிர்வு தேவைப்பட்டிருக்கும். பெயரை மட்டும் கொண்டு ஆண்டைத் துணிவது முறையன்று. அன்று அது தெளிவான பெயர். ரஸல் ஆறு புள்ளி தந்திருப்பார். எல்லாமே யுனிகோடாகிவிட்ட இன்று அது எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. இந்தியக் கோப்பின் வகைகள் ‘டாம்_தமிழ்நெட்’ என அமைப்பின் பெயரை முன்வைத்து, பழைய குறிமுறைகளைப் பின்னொட்டாக்கிவிட்டன. இலங்கைக் கோப்பு பழைய மரபிலேயே நிற்கிறது.

பெயர் மரபின்றி வாழாது என்பதற்கு, விசை தரும் எழுத்துகளைச் சுட்டும் சிங்கள விசைக்குறிப் பெயர்கள் மேலும் ஒரு சான்று. ‘சின்ஹ்_ஆ’ உயிரெழுத்து, ‘சின்ஹ்_ஆ2’ அதன் துணைக்குறி. இரண்டு என்ற இலக்கம் துணைக்குறியைச் சுட்டும் என்பது முழுக்க மரபு. ஆனால் ‘சின்ஹ்_எச்2’ விசர்க்கத்தைக் குறிக்கிறது. அது உயிர்த்துணைக்குறி அன்று. மரபை அறிந்தவரே இங்கு தவறுவார். தமிழ் எழுத்துகளுக்கு இத்தகைய பெயர்களே இல்லை. யுனிகோட் எண்களே நிற்கின்றன. எண் போதும் என்ற வாதத்தை ஏற்க இயலாது. ஓர் இலக்கம் பிறழ்ந்தால் ‘க’ இருக்க வேண்டிய விசையில் வேறெழுத்து வந்துவிடும். பட்டியலைச் சரிபார்ப்பவர் கண்ணுக்கு அது எளிதில் படாது.

நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. எம்17என் உள்ளீட்டுத் தொகுப்பு ‘டிஏ-எல்கே-ரெங்கநாதன்’ என்று பெயரிடுகிறது: மொழி, நாடு, அமைப்பு. பயனர் எதைத் தெரிவுசெய்கிறாரோ அதையே பெயர் சொல்கிறது. குறிமுறைகள் மாறினாலும் பொருள் நிலைக்கும்.

பயனர்களின் அமைப்புகளில் பழைய பெயர் பதிந்திருப்பதால் அதை ஒரேயடியாக நீக்க முடியாது, மாற்றுப்பெயராக வைத்திருக்கலாம். எக்ஸ்கேபியின் ‘எல்கே’ கோப்பில் ரெங்கநாதன் அமைப்பு அதன் சொந்தப் பெயரிலேயே சேர்க்கப்பட வேண்டும். தமிழில் நிரலெழுதும் இலங்கை மாணவர்கள் இப்பணியை மேற்கொள்ள வேண்டும்.