வாக்குரிமை வயதும் ஒரகடத்து இளந்தொழிலாளர்களும்

இந்தியாவில் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தச் சட்டம். ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது நாடாளுமன்றத்தில் நிறைவேறிய இச்சட்டம் 1989 மார்ச் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் 18 வயது நிரம்பியோர் முதன்முறையாக வாக்களித்தனர். அத்தேர்தலில் அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது. 1991 மே 21 அன்று, தேர்தல் பரப்புரைக்கு வந்திருந்த திருப்பெரும்புதூரில் (ஸ்ரீபெரும்புதூர்) அவர் கொல்லப்பட்டார்.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் சோழர் காலக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. பொ.ஊ. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி 35 வயதுக்குக் குறைந்தவர் வாரிய உறுப்பினராக முடியாது. குடத்திலிருந்து ஓலையை எடுத்துத் தருவது மட்டும் ஒரு சிறுவனின் வேலை! பாடம் நடத்தும்போது மாணவர்கள் சிரிக்கும் இடம் இது.

வாக்குரிமை வயது குறைந்த பத்தாண்டுக்குள் இப்பகுதியின் முகம் மாறியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலையும் 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும் வந்தன. இவற்றையும் இவற்றைச் சார்ந்த சிறு ஆலைகளையும் நம்பி வந்தவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ பட்டயப் படிப்போ முடித்த கையோடு வந்தவர்கள். பெண்கள் விடுதிகளிலும், ஆண்கள் நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வாடகை அறைகளிலும் தங்குகின்றனர். முதல் வாக்கைப் பெறும் வயதில் ஊரைவிட்டு வந்தவர்கள் இவர்கள்.

சிக்கல் இங்கேதான். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஒருவர் வழக்கமாக வசிக்கும் தொகுதியில்தான் பெயர் சேர்க்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் அறையையும் மாற்றும் இளைஞர், பெயரை ஊரிலேயே விட்டுவைக்கிறார். அல்லது எங்குமே சேர்ப்பதில்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுவதும் 18–19 வயதினரில் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 1.8 கோடி. இது அவ்வயதினரின் மதிப்பிடப்பட்ட தொகையில் பாதிகூட இல்லை.

அத்தேர்தலில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வாக்களித்தனர். திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் இது 60 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இதைக் காட்டி ஆலைத் தொழிலாளர்களைக் குறை சொல்வது சரியன்று. அத்தொகுதியின் பெரும்பகுதி அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதிகளே. ஒரகடத்து இளைஞர் வாக்களித்தாரா என்பதை அவருடைய ஊர்த் தொகுதியின் கணக்கில்தான் தேட வேண்டும்.

வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் விடுமுறை தர 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135-பி பிரிவு வகைசெய்கிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய்தான். விடுமுறையும் ஒரே நாள். 2024-இல் வாக்குப்பதிவு வெள்ளிக்கிழமை. தென்மாவட்டத்துக்குப் போய் வாக்களித்துவிட்டுச் சனிக்கிழமை காலை ஷிப்டுக்குத் திரும்புவதென்றால் இரண்டு இரவும் பேருந்தில்தான். இதனை அக்கறையின்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு இந்த ஒரு நாளும் பயன்படாது. வெளியூரிலிருந்தே வாக்களிக்க உதவும் இயந்திரத்தின் முன்மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. பல கட்சிகள் எதிர்த்தன, 2024-இல் அது பயன்பாட்டுக்கு வரவில்லை.

தங்கியிருக்கும் இடத்திலேயே வாக்களிக்க விரும்புவோர் படிவம் 8 மூலம் பெயரை மாற்றிக்கொள்ளலாம். புதிதாகச் சேர்வோருக்குப் படிவம் 6. முன்பு சனவரி 1 மட்டுமே தகுதி நாளாக இருந்தது; 2022 முதல் ஏப்ரல், சூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளும் சேர்க்கப்பட்டுள்ளன. 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்பதால், பள்ளியை விட்டு ஆலைக்குக் கிளம்பும் முன்பே இதை முடித்துவிட முடியும்.