ஆண்களின் ஹீல்ஸ் எங்கே போயிற்று?

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் ஓவியம் ஒன்று இருக்கிறது. இயசாந்த் ரிகோ 1701இல் தீட்டியது. ஒன்பது அடி உயரம். ஸ்பெயினில் அரியணை ஏறிய பேரனுக்கு அனுப்புவதற்காக வரையச் சொன்ன படம். முடிந்ததைப் பார்த்ததும் லூயிக்கு மிகவும் பிடித்துப்போய்த் தன் நாட்டிலேயே வைத்துக்கொண்டார். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய நீல அங்கியையும் பெரிய விக்கையும்தான் சொல்வார்கள். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனிகளின் சாம்பிள் ரூமில் வேலை பார்த்தவன். என் கண் நேராகக் காலுக்குத்தான் போகும்.

அங்கியைத் தோளுக்குப் பின்னால் தள்ளி, கால் முழுதும் தெரியும்படி நிற்கிறார். வெள்ளைப் பட்டுக் காலுறை. வெள்ளை ஷூ. அதன் கீழே நல்ல சிவப்பில் உயரமான ஹீல்ஸ். ஒரு பாதத்தை முன்னால் வைத்துச் சற்றே வெளிப்பக்கமாகத் திருப்பியிருக்கிறார், அந்தச் சிவப்பு நம் கண்ணில் பட வேண்டும் என்றே. அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். ஐரோப்பாவின் மிகப் பெரிய அரசர், தன் அதிகாரத்தைக் காட்டும் படத்தில், ஹீல்ஸோடு நிற்கிறார். அன்று அதைப் பார்த்த யாரும் "இது பெண்கள் போடுவதாயிற்றே" என்று நினைத்திருக்க மாட்டார்கள். இன்று ஒரு பையன் கடையில் போய், "ஆண்கள் சைஸில் ஹீல்ஸ் இருக்கிறதா" என்று கேட்டால் விற்பனையாளர் ஏற இறங்கப் பார்க்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத் தொழில் தெரிந்தவன் யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

கதை பாரசீகத்தில், குதிரை மேல் தொடங்குகிறது. அந்நாட்டுக் குதிரைவீரர்கள் அங்கவடியில் காலை ஊன்றி, சேணத்திலிருந்து எழுந்து நின்றபடி அம்பு விடுவார்கள். குதிரை பாயும்போது பாதம் அங்கவடிக்குள் முன்னோக்கி வழுக்கும். வழுக்கினால் குறி தப்பும், ஆளும் விழுவார். ஷூவின் பின்பக்கம் ஒரு ஹீல் இருந்தால் அது அங்கவடியின் அடிக்கட்டையில் மாட்டிக்கொண்டு பாதத்தை நிறுத்தும். ஹீல் பிறந்த காரணம் இவ்வளவுதான். போர்க்களத்துச் சாமான் அது. நடப்பதற்காக யாரும் அதைச் செய்யவில்லை.

கனடாவின் டொரன்டோவில் பாட்டா ஷூ அருங்காட்சியகத்தில் 17ஆம் நூற்றாண்டுப் பாரசீக ஆண்கள் ஷூ ஒன்று இருக்கிறது. பச்சை நிறம். மேலே மணி மணியாகப் புடைத்த தோல். இந்தத் தோலை எப்படிச் செய்தார்கள் என்பதைத் தோல் தொழிலில் இருக்கிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். குதிரை, காட்டுக்கழுதை இவற்றின் பிட்டப் பகுதித் தோலை ஈரமாக விரித்து, அதன் மேல் கெட்டியான விதைகளைத் தூவி அழுத்துவார்கள். காய்ந்ததும் விதைகளை உதிர்த்துவிட்டு, பள்ளங்களின் மட்டம் வரை மேற்பரப்பைச் சீவிவிடுவார்கள். மறுபடி நனைத்தால், முன்பு விதை அழுத்திய இடங்கள் மட்டும் உப்பி மணிகளாக எழும்பும். பிறகு பச்சைச் சாயம். எங்கள் ஊரில் இன்று பிளேட்டைச் சூடாக்கி ஒரே அழுத்தில் போடும் டிசைனை அவர்கள் விதையையும் வெயிலையும் வைத்துச் செய்திருக்கிறார்கள். ஒரு குதிரைவீரனின் காலணிக்கு இவ்வளவு உழைப்பு!

1599இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசர்களிடம் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். ஹுசைன் அலி பேக்கும் ஆங்கிலேயர் ஆண்டனி ஷெர்லியும் அதன் தலைவர்கள். துருக்கிய உஸ்மானியருக்கு எதிராகக் கூட்டுச் சேர ஆள் தேடுவது நோக்கம். மாஸ்கோ, பிராக், ரோம் என்று அந்தக் குழு சுற்றியது. கூட்டணி கூடிவரவில்லை. ஆனால் பாரசீகப் பொருள்கள் மீது ஐரோப்பாவுக்கு மோகம் பிடித்துக்கொண்டது. ஐரோப்பியச் சீமான்களின் காலில் ஹீல்ஸ் தலைகாட்டுவதும் இதை ஒட்டிய ஆண்டுகளில்தான். குதிரைப்படைக்குப் பேர்போன நாட்டுக்காரன் போடுவது என்பதால் அதில் ஒரு வீரக்களை இருந்தது.

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. சேறும் சாணமும் கிடந்த தெருக்களில் உயர்ந்த ஹீல்ஸோடு நடக்க முடியாது. வயலில் இறங்க முடியாது, மூட்டை தூக்க முடியாது. அதனாலேயே அது சீமான்களுக்குப் பிடித்தது. வேலை செய்யத் தேவையில்லாதவன், போகிற இடமெல்லாம் வண்டியிலோ குதிரையிலோ போகிறவன் என்று அது பார்த்ததும் சொல்லிவிடும். லூயியின் அவையில் சிவப்பு ஹீல்ஸ் அரசவைப் பிரபுக்களின் அடையாளமாயிற்று. இங்கிலாந்தின் இரண்டாம் சார்ல்ஸ் ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். அவருக்கு உயரம் தேவையே இல்லை. ஆனாலும் ஜான் மைக்கேல் ரைட் தீட்டிய முடிசூட்டுக் கோலப் படத்தில் ஹீல்ஸோடுதான் உட்கார்ந்திருக்கிறார். "குள்ளமானவர்கள் உயரமாகத் தெரியப் போட்டுக்கொண்டார்கள்" என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சார்ல்ஸின் படம் ஒன்றே அதை மறுக்கப் போதும்.

ஹீல்ஸ் வந்ததால் செருப்புத் தைக்கிறவர்கள் பட்ட பாடு தனிக் கதை. ஷூ செய்ய முதலில் லாஸ்ட் வேண்டும். காலின் வடிவத்தில் இருக்கும் கட்டை அது. அன்று மரத்தில் கையால் செதுக்கியது. தட்டையான செருப்புக்கு இடது வலது என்று இரண்டு கட்டை செதுக்குவது பெரிய காரியமில்லை. ஹீல் வந்ததும் கட்டையின் பின்பக்கம் உயர வேண்டும், நடுப்பகுதி வளைய வேண்டும். ஒவ்வொரு ஹீல் உயரத்துக்கும் வேறு கட்டை. இடதுக்கு ஒன்று, அதற்கு அச்சு அசலாக எதிர்வடிவத்தில் வலதுக்கு ஒன்று என்று கையால் செதுக்கி மாளவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? இடது வலது வித்தியாசத்தையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இரண்டு காலுக்கும் ஒரே நேர்வடிவ ஷூ. போட்டுப் போட்டுத்தான் அது காலுக்குப் பழகும். 1800ஐ ஒட்டி இடது வலது வழக்கம் திரும்பி வரும்வரை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஐரோப்பா இப்படித்தான் நடந்தது. லூயியும் இப்படித்தான் நடந்தார்.

பெண்கள் ஹீல்ஸுக்கு வந்தது 1630களை ஒட்டி. ஆண்கள் பாணியில் தொப்பி வைப்பது, உடையில் ஆண்களின் அலங்காரங்களைச் சேர்ப்பது என்று அப்போது பெண்களிடம் ஒரு நாகரிகம் பரவியது. ஹீல்ஸையும் ஆண்களின் பொருளாகத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நூற்றாண்டின் இறுதிக்குள் வடிவம் பிரிந்துவிட்டது. ஆண்களுக்கு அகலமாக, சதுரமாக, தடித்து. பெண்களுக்கு மெலிந்து, வளைந்து. அதன்பின் அறிவொளிக் காலம் வந்தது. ஆணின் உடை எளிமையாக, உபயோகமாக, மங்கிய நிறத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். ஜரிகை, பட்டு, பூவேலை எல்லாம் போயின. 1740 வாக்கில் ஆண்களின் ஹீல்ஸும் போயிற்று. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கொஞ்ச காலம் பெண்களும் கழற்றி வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெண்களிடம் மட்டும் அது திரும்பி வந்தது. நாம் பிறந்து வளர்ந்த உலகம் அந்தத் திரும்பலுக்குப் பிந்தியது. அதனால் ஹீல்ஸ் என்றைக்கும் பெண்களுடையது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் குதிரையை விட்டு அது இறங்கவே இல்லை. அமெரிக்காவில் 1860களின் கடைசி தொடங்கி டெக்ஸாஸிலிருந்து கன்சாஸ் ரயில் நிலையங்களுக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிப் போன கௌபாய்களின் பூட்ஸில், உள்நோக்கிச் சரிந்த உயர ஹீல் இருந்தது. காரணம் பழைய பாரசீகக் காரணமேதான்: அங்கவடி. 1961இல் ஜான் லென்னனும் பால் மெக்கார்ட்னியும் லண்டனில் நாடகக் காலணிகளுக்குப் பெயர்போன அனெல்லோ அண்ட் டேவிட் கடையில் கியூபன் ஹீல் என்னும் நடுத்தர உயரத் தடித்த ஹீல் வைத்த பூட்ஸ் செய்துகொண்டார்கள். பீட்டில்ஸ் புகழோடு அது உலகம் சுற்றியது. 1970களில் எல்டன் ஜான், டேவிட் போவி என்று பாடகர்கள் அடிப்பாகமே தடித்த பிளாட்பார்ம் ஷூவில் மேடையேறினார்கள். பெல்பாட்டத்தோடு அந்த ஷூ நம் சினிமாவுக்கும் கல்லூரிகளுக்கும் வந்தது நினைவிருக்கும். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் கடைசிவரை ஹீல்ஸை விடவில்லை. அந்த உயரத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால், ஷூ செய்தவர்கள் உள்ளே வைத்த இரும்பு எவ்வளவு உறுதியாக இருந்திருக்கும் என்றுதான் என் புத்தி போகும்.

இன்று ஒரு ஆணுக்கு ஏன் அழகான ஹீல்ஸ் கிடைப்பதில்லை? ரசனை மாறியது பாதிக் காரணம். மீதிக் காரணம் லாஸ்ட். சாதாரண ஆண்கள் ஷூவின் லாஸ்ட் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் ஹீலுக்குச் செதுக்கியது. அதே ஷூவின் கீழே ஐந்து சென்டிமீட்டர் ஹீலை ஒட்டினால் முன்பகுதியின் மூக்கு தரையில் குத்தும், நடுப்பகுதி தரையைப் பார்த்துச் சரியும், போடுகிறவர் விரல்களின் மேல் விழுவார். பெண்கள் லாஸ்ட் உயரத்துக்குச் சரி. ஆனால் இந்தியக் கடைகளில் அது பெரும்பாலும் 8ஆம் நம்பரோடு முடிந்துவிடும். நீளம் ஒத்துப்போனாலும் ஆண் பாதம் விரல் கணுக்களின் இடத்தில் அகலம். சுண்டுவிரல் நசுங்கும். ஆண் பாதத்தின் அகலம், ஹீல்ஸின் உயரம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த லாஸ்ட் சாதாரணக் கம்பெனி அலமாரியில் இருக்காது. லத்தீன் நடன ஷூ செய்கிறவர்களிடம் இருக்கும். ஆண்களின் லத்தீன் நடன ஷூவுக்கு ஒன்றரை அங்குல கியூபன் ஹீல் வழக்கமானது. ஃபிளமெங்கோ பூட்ஸ், கௌபாய் பூட்ஸ் செய்கிறவர்களிடமும் இருக்கும்.

என்னிடம் விசாரித்து வருகிறவர்களில் மேடை நடனக்காரர்கள் உண்டு, கல்யாண மாப்பிள்ளைகள் உண்டு, வெறுமனே பிடித்திருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. பிடித்திருக்கிறது என்பதைவிடப் பெரிய காரணம் எதற்கு? எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான். முதல் ஜோடிக்கு நான்கு, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாதீர்கள். குச்சி ஹீல் வேண்டாம். தோலை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த தடித்த ஹீல் கேளுங்கள், எடையைத் தாங்கும். சாயங்காலம் அளவெடுங்கள், அப்போதுதான் பாதம் முழு அகலத்தில் இருக்கும். ஷூவைக் கையில் எடுத்து ஹீலுக்கும் முன்பகுதிக்கும் நடுவில் அழுத்திப் பாருங்கள். வளைந்தால் உள்ளே ஷாங்க் என்னும் இரும்புப் பட்டை இல்லை, அல்லது மட்டமான ஷாங்க். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முதலாளிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு இத்தனை லட்சம் ஜோடி செய்கிற ஊர்கள் நம்முடையவை. தோல் இருக்கிறது, கை இருக்கிறது. 6 முதல் 11 வரை, ஆண் பாத அகலத்தில், ஐந்து சென்டிமீட்டர் ஹீலுக்கு ஒரு செட் லாஸ்ட் வாங்கிச் சாம்பிள் ரூமில் வையுங்கள். கேட்டு வருகிற பையனை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.