கட்டத்துக்குள் ஒரு சங்கடம்

தமிழில் கேலிச்சித்திரத்தை ஆயுதமாக எடுத்தவர் பாரதி. 1906-ல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அவர் சீண்டியது வெள்ளைக்கார ஆட்சியை. கடன்காரரைக் கண்டு ஒளிகிறவர், மாமியாருக்கும் மனைவிக்கும் நடுவே விழிக்கிறவர் போன்ற சாமானியர்கள் படத்தில் இடம்பிடிக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

1928-ல் எஸ்.எஸ்.வாசன் ‘ஆனந்த விகட’னை வாங்கினார். சில ஆண்டுகளில் டி.ஆர்.மகாலிங்கம் அங்கே படம் போட வந்தார். வாசகர்களுக்கு அவர் ‘மாலி’. குடுமியும் குறும்பும் கொண்ட விகடன் தாத்தாவின் முகம் அவர் கைவண்ணம். சபாக்களில் உட்கார்ந்து வித்வான்களின் அங்கசேஷ்டைகளைக் கோடுகளில் பிடித்தார். ஸ்வரம் பாடும்போது ஒருவருக்கு வாய் கோணும், இன்னொருவருக்குக் கை காற்றில் பறக்கும். ரசிகர்கள் பார்த்தும் பாராததுபோல் இருந்ததை மாலி பார்த்தார், வரைந்தார். அவற்றில் வன்மம் கிடையாது. சங்கீதம் தெரிந்தவரின் கேலி அது.

அன்றைய அச்சுக்கும் இதில் பங்கு உண்டு. படத்தைத் துத்தநாகத் தகட்டில் அரித்து ‘பிளாக்’ செய்து, மட்டக் காகிதத்தில் அடிக்க வேண்டும். நிழல் பூசிய நளினமெல்லாம் அங்கே கறுப்புத் திட்டாகிவிடும். தப்பிப் பிழைப்பது கோடு மட்டுமே. எனவே சுருக்கமாகச் சொல்லத் தெரிந்தவர்களே நிலைத்தார்கள்.

அந்தச் சுருக்கத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் மாலியின் சீடர். தஞ்சாவூரில் 1924-ல் பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் படித்த கோபாலன். தியாகராஜர் பூஜித்த ராமர் பட்டாபிஷேகப் படத்தைத் தீபாவளி மலருக்காக வரையச் சொல்லி 1941-ல் மாலி அவரிடம் வேலை கொடுத்தார். ‘கோபுலு’ என்ற பெயரையும் கொடுத்தார். கோபுலுவின் பெரிய துணிச்சல், வசனமே இல்லாத ஜோக். கீழே ஒரு வரிகூட இருக்காது.

எழுதுகிறவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். உதாரணத்துக்கு ஒன்றை யோசிக்கலாம்: தெருக்கோடியில் கடன் கொடுத்தவர் வருகிறார். எதிரே வாங்கியவர். ஓடினால் மரியாதை போகும், நின்றால் பணம் போகும். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். கதையாக எழுதினால் அரைப் பக்கம். ஒரே கட்டத்தில் சொல்ல, எந்தக் கணத்தை வரைவது? குடை முழுதாக விரிந்துவிட்டால் முகம் தெரியாது. விரியாவிட்டால் ஜோக்கே இல்லை. பாதி விரிந்த குடைதான் வேண்டும். அந்தப் பாதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கலைஞர் வெளிப்படுகிறார்.

பின்னால் வந்த மதன், ஒரு மனிதரின் ஒரே பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு வாராவாரம் விதவிதமாகப் பிழிந்தார். ‘முன்ஜாக்கிரதை முத்தண்ணா’வுக்கு ஜாக்கிரதைதான் வியாதி. எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு பெரியப்பா இருந்ததால் அறிமுகமே தேவைப்படவில்லை.

இதற்கிடையே இன்னொரு மாற்றமும் நடந்தது. விகடனும் குமுதமும் வாசகர் ஜோக்குகளுக்கு இடம் கொடுக்க, போஸ்ட் கார்டுகள் குவிந்தன. நோயாளியைக் கலங்கடிக்கும் டாக்டர், புறமுதுகிட்ட மன்னர், ஏட்டையாவோடு உறவாடும் திருடன் கபாலி, மேடையில் உளறும் தலைவர் என்று ஒரு நிரந்தர நாடகக் குழுவே உருவானது. சிரிப்பு முழுக்க உரையாடலில் இருந்தது. ஓவியர் பேசும் இரண்டு தலைகளைப் போட்டால் போதும். சில அபாரமானவை என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தாலும் சிரிப்பு குறையவில்லை என்றால், அது ஓவியருக்குப் பெருமை அல்ல.

வேடிக்கை என்னவென்றால், அதிகாரத்தை ஆத்திரப்படுத்தியதும் இந்தப் பேச்சு ஜோக்தான். 1987-ல் விகடன் அட்டையில் வந்த ஒன்று, மேடையில் இருப்பவர்களில் ஜேப்படிக்காரர்போல் தெரிபவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர்போல் தெரிபவர் மந்திரி என்றது. உரிமை மீறல் என்று சட்டமன்றம் கொதித்தது. சபாநாயகர் பி.எச்.பாண்டியன், ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை அறிவித்தார். பத்திரிகையாளர்கள் திரண்டு எதிர்க்கவே, சில நாட்களுக்குள் விடுதலை கிடைத்தது. அவர் அதோடு விடவில்லை, வழக்குப் போட்டார். 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் கைது செல்லாது என்றது. நஷ்டஈடு 1,000 ரூபாய்.