மதுவில்லாக் கலவைப் பானங்கள்: இரணைமடு வட்டார வீட்டு முறைகள்

மதுசாரம் சேராமல், புளிப்பு, இனிப்பு, கசப்பு, துவர்ப்பு, காரம், மணம் ஆகியவற்றை அளவறிந்து கூட்டி, பெரியவர்கள் ஆறியமர்ந்து பருகச் செய்யப்படும் குளிர்பானமே மதுவில்லாக் கலவைப் பானம். விடுதிகளில் இது மொக்டெயில் எனப்படுகிறது. வெறும் பழச்சாறும் போத்தல் சோடாவும் இந்த வகையில் சேரா. இனிப்பு மட்டும் முன்னிற்கும் பானம் இரண்டு மிடறில் திகட்டிவிடும். நல்ல கலவைப் பானத்தை அரை மணி நேரம் கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம்.

இக்கட்டுரை கிளிநொச்சி நகருக்குத் தெற்கே உள்ள இரணைமடுக் குளத்தைச் சூழ்ந்த ஊர்களின் பொருள்களையும் பழக்கங்களையும் வைத்து எழுதப்பட்டது. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடிக்கப்பட்ட இக்குளம் வட மாகாணத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். இதன் வாய்க்கால்கள் உருத்திரபுரம், வட்டக்கச்சி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கங்களின் வயல்களுக்குப் பாய்கின்றன. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்தில் பனையும் விளாத்தியும் பாலையும் நிற்கின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கொட்டும். மாசிக்குப் பிறகு மாதக்கணக்கில் வெயில். தாகம் தீர்க்கும் பானங்கள் இங்கே பலவாக இருப்பதற்கு இந்த நீண்ட வெயிலே காரணம்.

இவ்வூர்கள் அடங்கிய வன்னியின் விருந்துகளில் ஒரு குறை உண்டு. மது அருந்துவோருக்கென்று ஏற்பாடுகள் தனியே நடக்கும்; அருந்தாதவர் கையில், சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பது போல், நிறமூட்டிய சோடாப் போத்தல் ஒன்று திணிக்கப்படும். கசிப்பு என்னும் கள்ளச் சாராயம் எத்தனையோ குடும்பங்களை வருத்தியிருக்கும் மண்ணில், மதுவை ஒதுக்கியவருக்குக் கிடைக்கும் உபசாரம் இப்படிக் குறைந்துபோவது சரியன்று. சீனியின் அளவும் கவனிக்கத்தக்கது. இலங்கையில் போத்தல் பானங்களுக்குச் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் 2016இல் கட்டாயமாக்கப்பட்டன. வீட்டில் கலக்கும் பானத்தில் அந்த அளவு நம் கையிலேயே இருக்கிறது.

மதுசாரத்தின் இடத்தை நிரப்புதல்

ஒரு பானத்தில் மதுசாரம் பல வேலைகளைச் செய்கிறது. தொண்டையில் எரிவைத் தருகிறது. மணங்களைக் கரைத்து மூக்குக்கு ஏற்றுகிறது. நாக்கில் கொஞ்சம் கனத்து நிற்கிறது. பானம் கெடாமலும் காக்கிறது. அதை நீக்கிவிட்டு மீதியை மட்டும் கலந்தால் சப்பென்று இருக்கும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் வேறொரு பொருளைத் தேட வேண்டும்.

எரிவுக்கு இஞ்சி, மிளகு, பச்சை மிளகாய். பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரோல், இஞ்சி உலரும்போது ஒரு பகுதி ஷோகோலாக மாறுகிறது. ஷோகோல் அதைவிடக் காரமானது. உலர்ந்த இஞ்சியான வேர்க்கொம்பை இடித்துப் போட்ட பானம் நெஞ்சுவரை இறங்கிச் சுடுவது இதனால்தான். துவர்ப்புக்குக் கடுந்தேயிலைச் சாயம், செவ்வரத்தம்பூ. கசப்புக்குத் தோடம்பழத் தோல், வேப்பம்பூ, பனங்களி. நாவில் கனத்துக்குப் பனங்கட்டிப் பாகு, தேங்காய்ப்பால், ஊறிய கசகசா. கெடாமல் காக்கும் வேலையை மட்டும் ஒன்றாலும் முழுதாக ஈடு செய்ய முடியாது. அளவாகச் செய்து அன்றன்றே முடிப்பதுதான் வழி.

ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தையில் இந்தத் தேடல் பெரிய வணிகமாகிவிட்டது. இங்கிலாந்தில் 2015இல் விற்பனைக்கு வந்த சீட்லிப் என்ற வடிநீர், மூலிகைகளையும் வாசனைப் பொருள்களையும் வடித்து மதுவின் இடத்தில் வைத்தது. அதற்கும் முந்திய முறை ஷ்ரப்: பழத்தைச் சீனியில் ஊறவைத்து வினாகிரி சேர்த்த புளிப்புப் பாகு. வன்னி வீட்டில் இவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஏனென்றால் இங்கே தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது.

தண்ணீர்ப் பந்தல் தந்த அடிப்படை

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு நடந்தே போவோர் பலர். அவர்களுக்காக வழியோரம் பந்தலிட்டு மோர், சக்கரைத் தண்ணீர், ஊறுகாய்த் தண்ணீர் வார்ப்பார்கள். வடபகுதிக் கோயில் திருவிழாக்கள் பலவற்றிலும் இதைக் காணலாம். கலவைப் பானத்தின் இலக்கணம் முழுவதையும் கற்க இந்த மூன்றே போதும்.

மோரில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு, தேசிக்காய்ப் புளி சேரும். இனிப்பே இல்லை, ஆனாலும் அது நிறைவான பானம். வெளிநாட்டு மதுச்சாலைகளில் தக்காளிச் சாற்றில் உப்பும் காரமும் கூட்டிச் செய்வதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததன்று.

ஊறுகாய்த் தண்ணீரோ இன்னும் ஒருபடி மேல். நாலாகப் பிளந்து உப்பிட்டு வெயிலில் காயவைத்த தேசிக்காயில் புளிப்பும் உப்பும் தோலின் கசப்பும் ஒன்றாகக் கிடக்கின்றன. நாட்பட ஊறியதால் பச்சைத் தேசிக்காயின் கூர்மை மழுங்கி, ஆழமான மணம் வந்திருக்கும். வீட்டில் விருந்துக்குச் செய்ய, மிளகாய்த்தூள் போடாத ஊறுகாயில் கால் துண்டை எடுத்துத் தண்ணீரில் ஒருமுறை அலசி, ஒரு தேக்கரண்டி காட்டுத்தேனுடன் கிளாசில் நசுக்க வேண்டும். வேர்க்கொம்புத் தூள் இரண்டு சிட்டிகை. 200 மில்லிலீட்டர் குளிர்ந்த சோடாவை மெல்ல ஊற்றி ஒரே ஒரு தடவை கிளறினால் போதும். இந்த வட்டாரத்துப் பானங்களில் விருந்தின் முதல் கிளாசாக நீட்டத் தக்கது இதுதான்.

கருப்பணியும் பனையின் மற்றப் பயன்களும்

பனம்பாளையைச் சீவி வடியும் சாற்றில் சீனிச்சத்து நூற்றுக்கு 12 பங்கு அளவில் இருக்கும். காற்றிலும் சாறு வடியும் முட்டியிலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் அதைச் சில மணி நேரத்திலேயே கள்ளாக்கத் தொடங்கிவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் காரத்தன்மை கூடி நொதிப்பு தடைப்படுகிறது. அப்படி இறக்கும் சாறே கருப்பணி. ஒரே மரம், ஒரே சாறு, ஒரு பூச்சுச் சுண்ணாம்புதான் வேறுபாடு. பனையோலையில் மடித்த பிளாவில் வார்த்து, மாங்காய்த் துண்டு போட்டுக் குடிப்பது பழைய வழக்கம். இனிப்புக்குப் புளிப்பைத் துணை சேர்க்க வேண்டும் என்பதைச் சீவல் தொழிலாளரின் வீடுகள் நன்கு அறிந்திருந்தன.

கருப்பணியைக் கலவைக்குப் பயன்படுத்தும்போது சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை அசையாமல் வைத்து, மேல்நீரைத் துணியில் வடிக்க வேண்டும். எஞ்சிய சுண்ணச் சுவையைச் சில துளி தேசிக்காய்ச் சாறு மாற்றும். 150 மில்லிலீட்டர் குளிர்ந்த கருப்பணி, நசுக்கிய மாங்காய் இரண்டு துண்டு, நாலைந்து மிளகின் பொடி, ஒரு சிட்டிகை உப்பு: இதற்கு மேல் எதையும் சேர்ப்பது வீண். பருவம் இல்லாத காலத்தில் பனங்கட்டிப் பாகு கைகொடுக்கும், ஆனால் கருப்பணியின் இளமணம் அதில் இராது.

பனம்பழத்தின் களி பலருக்கும் பணியாரமாகவே தெரியும். அதில் உள்ள பிளபெலிபெரின் என்ற பொருள் பழத்துக்குக் கசப்பைத் தருகிறது. களியை உலர்த்திப் பனாட்டுச் செய்வோருக்கு இக்கசப்பு ஒரு தொல்லை. கலவைப் பானம் செய்பவருக்கோ வேண்டியதே அதுதான். தோடம்பழச் சாற்றில் ஒரு தேக்கரண்டி பனங்களியைக் கரைத்து வடித்தால் நிறம் ஆழ்ந்து, பின்நாக்கில் மெல்லிய கசப்பு நிற்கும். ஆவணி, புரட்டாதியில் மட்டுமே புதுக்களி கிடைக்கும்.

உள்நாட்டுப் போரில் எரிந்தும் தறிக்கப்பட்டும் போன பனைகளின் இடத்தில் நட்ட விதைகள் பாளை தள்ள ஆண்டுகள் பல வேண்டும். கருப்பணி கிடைக்கும் நாளில் அதைப் பேணிக் குடிப்பது அந்த மரங்களுக்கும் ஏறுவோருக்கும் செய்யும் மரியாதை.

காட்டுப் பழங்களும் வேரும்

பாலைப்பழம் நல்ல இனிப்பு. ஆனால் அதன் பிசின் உதட்டில் ஒட்டும். வெதுவெதுப்பான நீரில் பிசைந்து துணியில் வடித்துத் தேசிக்காய்ச் சாறு சேர்த்தால் தெளிவான பானம் வரும். நாவற்பழம் தானே துவர்ப்புடையது, தேயிலைச் சாயம் சேர்க்கத் தேவையில்லை. விளாம்பழத்தைத் தேங்காய்ப்பாலிலும் பனங்கட்டியிலும் கரைத்துக் குடிப்பது இலங்கை முழுவதும் உள்ள பழக்கம். அதில் ஒரு சிட்டிகை உப்பும் புதிதாக இடித்த மிளகும் சேர்ந்தால் இனிப்புக் கூழாக இருந்தது பானமாக எழுந்து நிற்கும்.

நன்னாரி வேரின் மணத்துக்குரிய பொருள், வனிலாவின் மணப்பொருளான வனிலினின் அதே அணுக்கள் இடம்மாறி அமைந்தது. எளிதில் ஆவியாகும் இதை மணிக்கணக்கில் கொதிக்க விட்டால் மணம் சமையலறைக்குப் போய்விடும், பாகில் நிற்காது. 50 கிராம் வேரை இடித்து அரை லீட்டர் வெந்நீரில் மூடி இரவு முழுக்க ஊறவிட்டு, வடித்த நீரில் 400 கிராம் சீனியைக் கரையும் அளவுக்கு மட்டும் சூடாக்குவது நல்லது. இந்தப் பாகில் 30 மில்லிலீட்டர், தேசிக்காய்ச் சாறு 20, ஆறிய கடுஞ்சாயம் 60, சோடா 100. சாயம் சேர்ப்பதால் சர்பத்தின் குழந்தைத்தனம் போய் முதிர்ந்த சுவை வருகிறது.

தேயிலையும் பாலும்: தெளியவைக்கும் முறை

சற்று மெனக்கெட விரும்புவோருக்கு இது. 10 கிராம் தேயிலையை 400 மில்லிலீட்டர் கொதிநீரில் 5 நிமிடம் ஊறவிட்டு வடித்து, கறுவா, கராம்பு, 80 கிராம் சீனி, தேசிக்காய்ச் சாறு 80 மில்லிலீட்டர் சேர்க்க வேண்டும். வேறொரு பாத்திரத்தில் சூடாக்கிய 150 மில்லிலீட்டர் பசுப்பாலின் மேல் இந்தக் கலவையை ஊற்றினால் பால் திரியும். கலக்காமல் ஒரு மணி நேரம் விட்டு, அடர்ந்த வெள்ளைத் துணியில் வடித்து, முதலில் கலங்கி வரும் நீரை மறுபடி அதே திரளின் மேல் ஊற்ற வேண்டும். திரளே வடிகட்டியாகிவிடும். பாற்புரதம் தேயிலையின் முரட்டுத் துவர்ப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள, பொன்னிறமாகத் தெளிந்த, வழுவழுப்பான நீர் இறங்கும். பெஞ்சமின் பிராங்கிளின் 1763இல் தம் நண்பருக்கு எழுதி அனுப்பிய மதுக்கலவையும் இதே முறையில் பாலால் தெளியவைக்கப்பட்டதுதான். மதுவை நீக்கினாலும் முறை அப்படியே வேலை செய்கிறது.

மேலே நுரை வேண்டுமென்றால் கடலை அவித்த தண்ணீர் இருக்கிறது. உப்பில்லாமல் அவித்து, சற்றே வற்றவைத்து ஆறவிட்ட தண்ணீரில் 30 மில்லிலீட்டரை, தேசிக்காய்ச் சாறு, பாகு ஆகியவற்றோடு வாய் அகன்ற மூடிப் போத்தலில் இட்டு நன்றாகக் குலுக்கினால் முட்டை வெள்ளைக்கருவைப் போல் நுரைக்கும். சோடாவைப் போத்தலில் இட்டுக் குலுக்கக் கூடாது. அதைக் கடைசியில் கிளாசில்தான் ஊற்ற வேண்டும்.

நீர், குளிர்ச்சி, வைப்பு

வன்னியின் கிணறுகள் பலவற்றில் நீர் வன்மையானது. அந்த நீரிலுள்ள இருகாபனேற்றுகள் புளிப்பை அமுக்கிவிடுவதால், ஓரிடத்தில் கச்சிதமாக இருந்த தேசிக்காய் அளவு இன்னொரு கிணற்று நீரில் போதாமல் போகும். கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் வெண்படிவு தங்கியபின் மேல்நீரை எடுத்தால் இந்த மந்தம் குறையும். ஐஸ்கட்டிக்கும் அதே நீரையே பயன்படுத்த வேண்டும். கட்டி பெரிதானால் மெதுவாக உருகும், பானம் நீர்த்துப்போகாது.

சோடாவின் வாயு 30 பாகை வெப்பத்தில் கரையும் அளவு, 0 பாகையில் கரைவதில் பாதிக்கும் குறைவு. வெயிலில் நின்ற போத்தலைத் திறந்து ஊற்றினால் கிளாசுக்கு வருமுன்பே உயிர் போய்விடும். போத்தல், பாகு, கிளாஸ் மூன்றையும் முன்கூட்டியே குளிரவைக்க வேண்டும். வீட்டில் மூக்கு வைத்த பித்தளைப் பாத்திரமான மூக்குப்பேணி இருந்தால் மோருக்கும் கருப்பணிக்கும் அதை எடுக்கலாம். புளிப்பு மிகுந்தவற்றுக்கு ஈயம் பூசாத பித்தளை ஆகாது, கண்ணாடியே ஏற்றது.

நன்னாரிப் பாகு குளிர்சாதனப் பெட்டியில் சில வாரம் நிற்கும். பழச்சாறு சேர்ந்தவை இரண்டு நாளுக்கு மேல் ஆகா. சுண்ணாம்பு நீக்கிய கருப்பணியையும் இஞ்சி, பழப் பாகுகளையும் அறை வெப்பத்தில் மூடி வைத்தால் அவை நொதிக்கத் தொடங்கும். மதுசாரம் உண்டாவதோடு வாயு பெருகிக் கண்ணாடிப் போத்தல் வெடிக்கவும் கூடும். குமிழியோ கள்மணமோ தென்பட்ட பாகை, மது தவிர்ப்போருக்கும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காமல் கொட்டிவிட வேண்டும். ஷ்ரப் போன்ற பாகுகளில் சேரக்கூடிய, கள்ளிலிருந்து செய்த வினாகிரியில் மதுசாரம் பெரும்பாலும் அசற்றிக் அமிலமாக மாறிவிட்டிருந்தாலும், சமயக் கட்டுப்பாட்டால் அதைத் தவிர்ப்போர் இருக்கக்கூடும். விருந்தினரிடம் முன்பே கேட்டு, தேவையானால் புளிப்புக்குப் புளியோ தேசிக்காயோ போட்டுச் செய்யலாம்.