மூன்று ஸ்டீவ்களும் ஒரு லெமேயும்

கனடாவின் கியூபெக் மாகாணத்து டெத் மெட்டல் குழு கோர்கட்ஸ். 1993இல் அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் வந்த சூட்டோடு உறுப்பினர்கள் கலைந்தார்கள். ஆல்பங்களை வெளியிட்ட ரோட்ரன்னர் நிறுவனமும் கைவிட்டது. மிஞ்சியவர் பாடகரும் கிட்டார் கலைஞருமான லூக் லெமே. அவரோடு வந்து சேர்ந்த மூவருக்கும் பெயர் ஸ்டீவ்: கிட்டாருக்கு ஸ்டீவ் ஹர்டில், பேஸுக்கு ஸ்டீவ் க்ளூட்டியே, டிரம்ஸுக்கு ஸ்டீவ் மெக்டொனால்ட். ஒத்திகையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் திரும்பியிருப்பார்களோ!

புது ஆல்பத்துக்காக இவர்கள் முதலில் செய்தது, எதையெல்லாம் வாசிக்கக் கூடாது என்று முடிவு கட்டியதுதான். ட்ரெமலோ பிக்கிங் கூடாது. ஒரே தந்தியைப் பிக்கால் மேலும் கீழுமாக விடாமல் அடிக்கும் அந்த வேகம்தான் டெத் மெட்டலின் பாதி உயிர். த்ராஷ் பாணித் தாளமும் வேண்டாம். கையில் பழகிப்போனதை எல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டால், கிட்டாரை வேறு விதமாகத்தான் தொட்டாக வேண்டும். பிக்கைத் தந்தியின் நீளத்துக்குக் கீறினார்கள், இரண்டு கையாலும் தட்டினார்கள். சட்ஜத்தையும் சுத்த ரிஷபத்தையும் ஒரே நேரத்தில் ஓங்கி அடித்துப் பாருங்கள், காது கூசும். அந்தக் கூச்சத்தையே ரிஃப்பாக, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியாக ஆக்கினார்கள். ‘கிளவுடட்’ என்ற பாடலில் வேகமே கிடையாது. ஒன்பது நிமிடத்துக்கும் மேல் இழுத்து இழுத்து நகர்கிறது. லெமேயின் குரலும் வழக்கமான அடித்தொண்டை உறுமலை விட்டு, மூச்சு முட்டும் மனிதனின் கதறலாகிவிட்டது.

பாட்டுகள் சீக்கிரமே தயாராகிவிட்டன. வாங்கத்தான் ஆள் இல்லை. டெத் மெட்டல் சந்தை படுத்துக்கிடந்த காலம். அதிலும் இப்படி ஒரு சத்தத்துக்கு யார் பணம் போடுவார்கள்? வருடங்கள் ஓடின. இடையில் மெக்டொனால்ட் விலக, பாட்ரிக் ராபர்ட் வந்து டிரம்ஸ் வாசித்தார். ஒருவழியாக ஒலிம்பிக் ரெக்கார்டிங்ஸ் 1998இல் ‘ஆப்ஸ்க்யூரா’ என்ற பெயரில் வெளியிட்டது. பன்னிரண்டு பாடல்கள், ஒரு மணி நேரம்.

வேறு கிரகத்திலிருந்து வந்த இசை என்று சிலர் கொண்டாடினார்கள். வாசிக்கவே தெரியவில்லை என்று சிலர் தூக்கிப் போட்டார்கள். கேட்டவர்களுக்குப் புத்தம் புதிதாகத் தோன்றிய அந்தச் சரக்கு, செய்தவர்களுக்கோ பல வருடப் பழசு. என்னைக் கேட்டால் அந்தக் காத்திருப்பு ஆல்பத்துக்கு நல்லதையே செய்தது. சந்தை மும்முரமாக இருந்திருந்தால், ‘இதைக் கொஞ்சம் வேகமாக்குங்கள்’ என்று யாராவது சொல்லாமல் விட்டிருப்பார்களா?

பின்னால் ஜெர்மனியில் ஒரு டெத் மெட்டல் குழு தன் பெயரையே ஆப்ஸ்க்யூரா என்று மாற்றிக்கொண்டது. இடையில் கலைந்துபோன கோர்கட்ஸை லெமே மறுபடி கூட்டியபோது வந்து சேர்ந்த அமெரிக்கர்கள் கெவின் ஹஃப்னேகலும் காலின் மார்ஸ்டனும் இந்த ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்த ரசிகர்கள். அவர்களோடு அவர் செய்த ‘கலர்ட் சாண்ட்ஸ்’ 2013இல் வந்தது.