ஜிப்லி அருங்காட்சியகம், மிடாக்கா

ஜப்பானின் தோக்கியோ பெருநகரப் பகுதியின் மேற்கே உள்ள மிடாக்கா நகரில், இனொகஷிரா பூங்காவை ஒட்டி ஜிப்லி அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 2001 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட இதன் அதிகாரப்பூர்வப் பெயர் மிடாக்கா நகராட்சி அசைவூட்ட அருங்காட்சியகம் என்பதாகும். ‘என் நண்பன் டொட்டோரோ’, ‘ஸ்பிரிட்டட் அவே’ ஆகிய படங்களைத் தயாரித்த ஜிப்லி நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும், அந்நிறுவனத்தின் வெற்றிகளைக் காட்டுவது மட்டும் இதன் நோக்கமன்று. அசையாத ஓவியங்கள் எவ்வாறு அசையும் படமாகின்றன என்பதைக் கண்ணால் கண்டு அறியச் செய்வதே இதன் மையப் பணி.

வரலாற்றுப் பின்னணி

ஜப்பானில் திரையரங்குகளுக்கான அசைவூட்டப் படங்கள் 1917-இல் வெளிவரத் தொடங்கின. ஒத்தென் ஷிமொகாவா, ஜுனிச்சி கோஉச்சி, செய்டாரோ கிட்டயாமா ஆகிய மூவரும் இக்கலையின் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றனர். அக்காலப் படச்சுருள்களுள் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. கோஉச்சியின் ‘நமகுரா கத்தானா’ (மழுங்கிய வாள்) என்னும் 1917-ஆம் ஆண்டுப் படத்தின் பிரதி, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஒசாக்காவில் பழம்பொருள் சந்தை ஒன்றில் கிடைத்தது.

1956-இல் தொடங்கப்பட்ட தோஎய் தோகா நிறுவனம் இக்கலையைப் பெருந்தொழிலாக மாற்றியது. அது 1958-இல் வெளியிட்ட ‘ஹகுஜாடென்’ (வெள்ளைப் பாம்பின் கதை) ஜப்பானின் முதல் வண்ண முழுநீள அசைவூட்டப் படமாகும். இசாவோ தக்காஹாத்தா 1959-இலும் ஹயாவோ மியாசாக்கி 1963-இலும் இந்நிறுவனத்தில் சேர்ந்தனர். தொழிற்சங்கப் பணிகளின் வழியே நெருக்கமான இருவரும் 1985-இல் ஜிப்லி நிறுவனம் உருவாகக் காரணமாயினர்.

இதற்கிடையே 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் ‘டெட்சுவான் அட்டோமு’ (அஸ்ட்ரோ பாய்) தொலைக்காட்சியில் வாரத் தொடராக வரத் தொடங்கியது. வாரந்தோறும் ஒரு பகுதியை முடித்தாக வேண்டிய நெருக்கடியில், ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, ஒருமுறை வரைந்ததை மீண்டும் பயன்படுத்துவது போன்ற சிக்கன முறைகள் நிலைபெற்றன. ஜப்பானிய அசைவூட்டம் வீடுதோறும் சென்றடைய இம்முறைகள் வழிவகுத்தன. குறைந்த செலவு, குறைந்த கூலி என்னும் வழக்கத்துக்கும் இவையே விதையிட்டன என்ற விமர்சனம் உண்டு.

உருவாக்கம்

அருங்காட்சியகத்தின் வடிவமைப்பை மியாசாக்கியே வரைந்தார். ஒரு படத்துக்குக் காட்சிகளைத் தீட்டுவதுபோலக் கட்டடத்துக்கும் ஓவியங்களைத் தீட்டி, அவற்றிலிருந்து திட்டத்தை வளர்த்தார். நிலத்தோற்ற வடிவமைப்பில் பணியாற்றிவந்த அவருடைய மகன் கோரோ மியாசாக்கி கட்டுமானப் பணிகளைக் கவனித்து, முதல் இயக்குநராகவும் இருந்தார். நகராட்சிக்குரிய இவ்வருங்காட்சியகத்தை டொக்குமா நினைவு அசைவூட்டப் பண்பாட்டு அறக்கட்டளை நிர்வகிக்கிறது.

இங்கே பார்வையாளர் செல்ல வேண்டிய வழி என்று எதுவும் குறிக்கப்படவில்லை. சுழல் படிக்கட்டுகள், குறுகிய பாலங்கள், குழந்தைகள் மட்டுமே நுழையக்கூடிய சிறு வாயில்கள் எனக் கட்டடம் பல திசைகளில் கிளைக்கிறது. வழி தவறி அலைவதே இங்கு முறையான பார்வையிடல். உள்ளே ஒளிப்படம் எடுக்க அனுமதியில்லை.

காட்சிக்கூடங்கள்

கீழ்த்தளக் கூடம் அசைவின் தோற்றத்தை விளக்குகிறது. சுழலும் வட்டமேடையில் சற்றே மாறுபட்ட நிலைகளில் பல பொம்மைகள் நிறுத்தப்பட்டுள்ளன. மேடை வேகமாகச் சுழலும்போது விட்டுவிட்டு ஒளி பாய்ச்சப்படுகிறது. உடனே டொட்டோரோ குதிப்பதாகவும், பூனைப் பேருந்து ஓடுவதாகவும் தோன்றுகிறது. ஒவ்வொரு பொம்மையும் அசையாதது. அசைவு காண்பவரின் கண்ணிலும் மூளையிலும் பிறக்கிறது. இதைப் பார்த்து அமெரிக்காவின் பிக்சார் நிறுவனமும் தன் ‘டாய் ஸ்டோரி’ பாத்திரங்களைக் கொண்டு இத்தகைய கருவியொன்றைச் செய்தது.

அதற்கு மேலுள்ள தளத்தில் ‘படம் பிறக்கும் இடம்’ என்னும் ஐந்து அறைகள் உள்ளன. கலைஞர் சற்றுமுன் எழுந்து வெளியே போனது போன்ற தோற்றத்தில் மேசைகள் விடப்பட்டுள்ளன. சுவர் முழுதும் ஓவியங்கள், அடுக்கடுக்காகப் புத்தகங்கள், தேய்ந்து குட்டையான பென்சில்கள், வண்ணக் குப்பிகள் எனப் பொருள்கள் நிறைந்திருக்கின்றன.

ஒரு படம் உருவாகும் படிநிலைகளை இவ்வறைகளில் காணலாம். முதலில் இயக்குநர் கதைப்பலகையை வரைகிறார். பின்னர் முதன்மைக் கலைஞர்கள் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை வரைகின்றனர். அவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளை இடைநிலைக் கலைஞர்கள் நிரப்புகின்றனர். அந்தக் கோடுகள் செல் எனப்படும் ஒளிபுகும் தாளுக்கு மாற்றப்பட்டு, கோடு மறையாதபடி தாளின் பின்புறத்தில் வண்ணம் தீட்டப்படும். தனியே வரையப்பட்ட பின்னணி ஓவியத்தின் மேல் செல்லை வைத்து, ஒவ்வொரு சட்டகமாகப் படம்பிடிப்பர். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். ஒரே ஓவியத்தை இரண்டு அல்லது மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தினாலும், ஒரு நொடிக்கு 8 முதல் 12 ஓவியங்கள் தேவை. ‘இளவரசி மொனொனொகே’ (1997) படத்துக்கு ஏறத்தாழ 1,44,000 செல்கள் தேவைப்பட்டன.

சனி அரங்கம் என்னும் சுமார் 80 இருக்கைகள் கொண்ட திரையரங்கில், இங்கு மட்டுமே காணக்கூடிய குறும்படங்கள் திரையிடப்படுகின்றன. படம் ஓட்டும் கருவியறை மறைக்கப்படாமல் கண்ணாடி வழியே தெரிகிறது. நுழைவுச்சீட்டிலேயே 35 மில்லிமீட்டர் படச்சுருளின் துண்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். கூரைத் தோட்டத்தில் ‘வானக்கோட்டை லாப்யுடா’ படத்தின் ஏறத்தாழ 5 மீட்டர் உயர இயந்திர வீரன் நிற்கிறான்.

பெயர் தெரியாத கைகள்

இடைநிலை ஓவியம் வரைவோர் நெடுங்காலம் தாள் கணக்கில் கூலி பெற்றுவந்தனர். வண்ணம் தீட்டும் பிரிவில் பெண்களே பெரும்பான்மையினர். தோஎய் நிறுவனத்தில் பணியைத் தொடங்கி, ஜிப்லி படங்களின் வண்ண வடிவமைப்பாளராக உயர்ந்த மிச்சியோ யசுதா (மறைவு 2016) போலப் பெயர் அறியப்பட்டோர் மிகச் சிலரே. படப்பிடிப்பு முடிந்தபின் செல்களை வைக்க இடமின்றிப் பல நிறுவனங்கள் அவற்றைக் குப்பையில் எறிந்தன. ஆயிரக்கணக்கான மணிநேர உழைப்பு இவ்வாறு மறைந்தது.

பின்னர் செல்லின் காலமே முடிவுக்கு வந்தது. ஜிப்லியின் ‘யமதா குடும்பம்’ (1999) முழுவதும் கணினியில் வண்ணமிடப்பட்டது. நீண்டகாலத் தொலைக்காட்சித் தொடரான ‘சசாஏ-சான்’ 2013-இல் செல்லைக் கைவிட்டது. இன்று இவ்வறைகளிலுள்ள வண்ணக் குப்பிகளும் படப்பிடிப்புக் கருவியும் வழக்கொழிந்த ஒரு தொழில்முறையின் சான்றுகளாக நிற்கின்றன.

2019 ஜூலை 18 அன்று கியோத்தோ அனிமேஷன் நிறுவனத்தின் கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டதில் 36 பேர் உயிரிழந்தனர். அங்கிருந்த ஓவியங்களும் எரிந்தன. ஒரு கலை, அதைச் செய்யும் மனிதர்களோடும் அவர்கள் வரைந்த தாள்களோடும் எவ்வளவு பிணைந்தது என்பதை அந்நிகழ்வு உலகுக்கு உணர்த்தியது.

இன்றைய நிலை

அருங்காட்சியகத்தில் நேரடியாகச் சீட்டு விற்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி, அடுத்த மாதத்துக்கான சீட்டுகள் நாளும் நேரமும் குறித்து விற்கப்படுகின்றன. 2020-இல் பெருந்தொற்றால் மூடப்பட்டு வருவாய் குறைந்தபோது, 2021-இல் மிடாக்கா நகராட்சி பொதுமக்களிடம் நன்கொடை கோரியது. இலக்கான 1 கோடி யென் விரைவிலேயே சேர்ந்தது.

மியாசாக்கியின் ‘சிறுவனும் கொக்கும்’ (2023) படம் 2024-இல் ஆஸ்கர் விருது பெற்றது. வண்ணமிடுதலும் படப்பிடிப்பும் கணினிக்கு மாறிவிட்டபோதிலும், அப்படத்தின் மாந்தர்கள் கையாலேயே வரையப்பட்டவர்கள். மிடாக்காவின் அறைகளில் காணப்படும் தேய்ந்த பென்சில்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.